கடலுக்குக் கரை போட்ட தவசி

நெடுங்கண்மாய்க்காரர்களைப் பற்றி ஊருக்கு ஒரு கதை சொல்வார்கள். அதில் பாதி இட்டுக்கட்டினது. இது அப்படியில்லை. சந்தேகம் இருந்தால் சிப்பித்துறை லாட்ஜ் மேனேஜர் சூசைராஜைக் கேட்டுப் பாருங்கள். மனுஷர் பதில் சொல்ல மாட்டார். எழுந்து உள்ளே போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வருவார்.

தவசி நெடுங்கண்மாயில் நீர்பாய்ச்சி. கண்மாய்த் தண்ணீரை முறை வைத்து, மடை திறந்து, வயல் வயலாக அனுப்புகிற வேலை. மேலத்தெரு முறை நடக்கும்போது கீழத்தெருக்காரன் வாய்க்காலில் கால்கூடக் கழுவக் கூடாது. கழுவினால் பஞ்சாயத்துதான். தண்ணீர் விஷயத்தில் தவசி அப்படியொரு யோக்கியன். மற்ற விஷயங்களில் புத்தி கொஞ்சம் மட்டு. அவனுக்குக் கூட்டாளிகள் இரண்டு பேர், மொக்கையனும் இருளப்பனும். சொன்னதைச் சொன்னபடி செய்கிற ஆட்கள். அதுதான் அவர்களிடம் இருந்த ஒரே கோளாறு.

கல்யாணமான புதிதில் தவசி தன் பெண்டாட்டி ராக்குவுக்கு ஒரு வாக்குக் கொடுத்துவிட்டான், கடலைக் காட்டுகிறேன் என்று. வருஷம் ஓடிக்கொண்டே இருந்தது. கண்மாயில் தண்ணீர் கிடந்தால், "மடையை யாரு பாக்குறது?" என்பான். கண்மாய் வறண்டு கிடந்தால், "குடிக்கவே தண்ணியைக் காணோம், இதுல கடல் என்ன வேண்டிக் கிடக்கு?" என்பான். இந்த வருஷம் ராக்குவுக்குப் பொறுக்கவில்லை. துணிமணியை மூட்டை கட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். போன கையோடு ஆள்விட்டுச் சொல்லியும் அனுப்பினாள்.

"ஞாயித்துக்கிழமை காலம்பற சிப்பித்துறைக்கு பஸ் ஏறி வருவேன். கடலைக் காட்டினா அவரு கூட வீட்டுக்கு வர்றேன். காட்டலேன்னா அதே பஸ்ல திரும்பிருவேன். அப்புறம் அவரே பொங்கி அவரே தின்னுக்கட்டும்."

ராக்கு இல்லாத வீட்டில் தவசிக்கு இருப்புக்கொள்ளவில்லை. சோறு குழைந்தால்கூட அவளை நினைத்து அழுதான். சனிக்கிழமையே போய் கடல் அந்த இடத்தில்தான் இருக்கிறதா என்று பார்த்துவிடுவோம் என்று கூட்டாளிகளையும் இழுத்துக்கொண்டு கிளம்பினான்.

சிப்பித்துறை சும்மா இல்லை, பெரிய உல்லாச ஊர். சனி, ஞாயிறு வந்தால் ஜனம் ஈசல் மாதிரி வந்து இறங்கும். வெயிலுக்குப் பயந்து ஊரில் குடை பிடித்து நடக்கிறவர்கள் எல்லாம் இங்கே வந்து வெயிலில் மல்லாந்து கிடப்பார்கள். மூன்று பேரும் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து லாட்ஜில் ரூம் எடுத்தார்கள்.

மேனேஜர் சூசைராஜ் எல்லாருக்கும் சொல்வதைத்தான் இவர்களுக்கும் சொன்னார். "வெளிய போறப்ப ரூமைப் பூட்டி சாவியை எங்கிட்ட குடுத்துரணும். ரூம்ல சத்தம் போடக் கூடாது. பக்கத்துல எல்லாம் ஃபேமிலி."

தவசி ரூமைப் பூட்டினான். சாவியைக் கொடுத்தான். இருளப்பனோடு கிளம்பினான். மொக்கையன் பாத்ரூமில் இருந்தான்.

வெளியே வந்த மொக்கையன் கதவை இழுத்துப் பார்த்தான். திறக்கவில்லை. சத்தம் போடக் கூடாது. கட்டிலில் உட்கார்ந்துகொண்டான். ரொம்ப நேரம் கழித்து ரூம் ஜன்னலில் ஒரு துண்டு ஆடிக்கொண்டிருப்பதைப் பார்த்து சூசைராஜ்தான் ஓடிப்போய்த் திறந்துவிட்டார்.

"ஏன்யா, ஒரு சத்தம் குடுத்திருக்கக் கூடாதா?"

"நீங்கதானே கூடாதுன்னீங்க?" என்றான் மொக்கையன், மிகவும் மெதுவான குரலில்.

அதற்குள் தவசி கடற்கரைக்குப் போய்விட்டான். போனவன் அப்படியே நின்றுவிட்டான். கடல் இருந்தது. கரை முட்ட, நிறைய, ததும்பத் ததும்ப இருந்தது. அந்தக் கடலுக்குப் பெரிய அலை கிடையாது. காற்றடிக்கும் நேரத்துக் கண்மாய் மாதிரி சிலுசிலுவென்று ஆடிக்கொண்டு கிடந்தது. தவசிக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. ராக்கு இதைப் பார்த்தால் போதும், வேறொன்றும் வேண்டாம் என்று நினைத்தான்.

இருளப்பன் குதிரை மேல் ஏற ஆசைப்பட்டான். குதிரைக்காரர் ஏற்றிவிட்டு, "பிடரியைக் கெட்டியா புடிச்சுக்க. நான் சொல்ற வரைக்கும் கையை விட்றாத" என்றார். ஒரு சுற்று முடிந்தது. குதிரைக்காரர் பஜ்ஜிக் கடையில் யாரோ கூப்பிட்டார்கள் என்று அந்தப் பக்கம் திரும்பினார். குதிரை தன் வேலை முடிந்தது என்று நேராக வீட்டுக்கு நடந்தது. இருளப்பனும் கூடவே போனான்.

குதிரைக்காரர் வீட்டம்மா நல்ல மனசுக்காரி. குதிரைக்குப் புல் போட்டாள். இருளப்பனுக்கு டீ கொண்டுவந்து நீட்டினாள்.

"கை விடக் கூடாதுக்கா. சொல்லியிருக்காங்க" என்றான் இருளப்பன்.

அந்த அம்மா அவன் வாயிலேயே ஊற்றிவிட்டாள். புருஷன் ஊரெல்லாம் தேடிவிட்டு வந்து, "விட்டுத் தொலையேன்யா!" என்று கத்தினார். இருளப்பன் உடனே விட்டான். விழுந்த இடத்தில் நல்லவேளையாக வைக்கோல் இருந்தது.

இப்படியாக மூன்று பேரும் மறுபடி லாட்ஜ் வாசலில் ஒன்றுசேர்ந்தபோது தவசி சந்தோஷத்தில் மிதந்துகொண்டிருந்தான். "சார், நாளைக்குக் காலம்பற எம்பொண்டாட்டி வர்றா. கடலைக் காட்டப் போறேன்" என்றான் சூசைராஜிடம்.

"காலைலயா? காலைல கடல் உள்வாங்கிருமேண்ணே. ரொம்ப தூரம் போயிரும். மத்தியானத்துக்கு மேலதான் திரும்பி வரும்."

தவசியின் முகம் செத்துவிட்டது. "போயிருமா? எங்க போகும்?"

"உள்ள போகும். அந்தப் பக்கம்."

"அந்தப் பக்கம் என்ன இருக்கு?"

சூசைராஜுக்கு நாலு ரூம் ஆட்கள் காத்துக்கொண்டிருந்தார்கள். "அந்தப் பக்கம் இன்னொரு கரை இருக்கும்லண்ணே, ஆளை விடுங்க" என்று எழுந்து போனார்.

மூன்று பேரும் படியில் உட்கார்ந்து ஆலோசித்தார்கள்.

"விஷயம் தெளிவாயிருச்சு" என்றான் மொக்கையன். "சாயங்காலம் நம்ம முறை. காலம்பற அக்கரைக்காரங்க முறை. மடை எங்கயோ நடுவுல இருக்கு."

"மடைக்காரரைப் பாத்து ஒரு நாளைக்கு மாத்தி விடச் சொல்லுவோமா?" என்றான் இருளப்பன்.

தவசிக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏண்டா, நம்ம மடையில ஒருத்தன் வந்து அப்படிக் கேட்டா நான் விடுவேனா? அடுத்தவன் முறையைக் கெடுத்துட்டு நான் என் பொண்டாட்டிக்குக் கடலைக் காட்டணுமா?" என்றவன், கண்ணைத் துடைத்துக்கொண்டான். "ஆனா அவ பஸ் ஏறிப் போயிட்டா நான் என்னடா செய்வேன்?"

பிறகு இருளப்பன்தான் கேட்டான். "ண்ணே, நம்ம முறையில நம்ம வயலுக்குள்ள வந்து நின்ன தண்ணி யாரோடது?"

"நம்மளோடதுதான். முறை முடிஞ்சாலும் அதை எவனும் திருப்பிக் கேக்க முடியாது."

"அப்ப முறை முடியிறதுக்குள்ள கரை போட்டுட்டா?"

தவசி அவனைக் கட்டிப் பிடித்துக்கொண்டான். லாட்ஜ் தோட்டத்து மண்வெட்டிகளை எடுத்துக்கொண்டு மூன்று பேரும் ஓடினார்கள்.

ஒன்று சொல்ல வேண்டும். இவர்கள் எதில் மட்டமானாலும் கரை போடுவதில் மட்டம் இல்லை. முழங்கால் தண்ணீரில் இறங்கி, மணலை வெட்டிப் போட்டு, உப்பங்கழியிலிருந்து களிமண்ணை அள்ளி வந்து பூசி, கரை ஒதுங்கிய பாசியை வைத்து மெழுகி, வளைத்து ஒரு கரை எழுப்பினார்கள். நெடுங்கண்மாயில்கூட அப்படியொரு கரை கிடையாது.

அன்றைக்குப் பார்த்துக் கடற்கரையில் கோடை விழா மணல் சிற்பப் போட்டி. கடல்கன்னி ஒரு பக்கம், ஆமை ஒரு பக்கம், ராஜகோபுரம் ஒரு பக்கம். நடுவராக வந்தவர் ரிட்டயர்டு ஓவிய வாத்தியார் ஞானப்பிரகாசம். ஜிப்பாவும் கறுப்புக் கண்ணாடியுமாக ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தவர் இங்கே வந்து நின்றுவிட்டார்.

"இது என்ன?"

"கரைங்க."

"இது என்ன சொல்லுது?"

"கரை ஒண்ணும் சொல்லாதுங்க" என்றான் இருளப்பன்.

வாத்தியார் தலையை ஆட்டினார். "ஆஹா! சரி, எதுக்காகப் பண்ணீங்க?"

தவசி மண்வெட்டியைக் கீழே வைத்தான். "காலம்பற எம்பொண்டாட்டி வருவாங்கய்யா. அதுக்குள்ள கடல் போயிரும்."

வாத்தியார் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். கண் கலங்கியிருந்தது. முதல் பரிசு இதற்குத்தான் என்று அங்கேயே மைக்கில் அறிவித்து, தவசிக்குப் பொன்னாடை போர்த்தினார். அந்த நேரம் பார்த்துக் கரையில் ஒரு கசிவு. தவசி பொன்னாடையை உருவி ஓட்டையில் திணித்து மிதித்தான். வாத்தியார் நின்றபடியே கை தட்டினார். கடல்கன்னி செய்தவன் கோபித்துக்கொண்டு போய்விட்டான்.

மறுநாள் காலையில் கடல் சொன்னபடியே போய்விட்டிருந்தது. கண்ணுக்கெட்டின தூரத்துக்கு ஈரச் சேறு, அதற்கப்பால் ஒரு நீலக்கோடு. ஆனால் கரைக்குள்ளே, ஒரு கல்யாணப் பந்தல் அகலத்துக்கு, தண்ணீர் அப்படியே நின்றது. உள்ளே சில பொடிமீன்களும் வழி தெரியாத ஒரு நண்டும் இருந்தன.

ராக்கு பஸ்ஸை விட்டு இறங்கினாள். நல்ல சேலை கட்டி, தலை நிறையப் பூ வைத்திருந்தாள். முகத்தில் மட்டும் சிரிப்பில்லை. தவசி முன்னால் நடந்தான். திரும்பிப் போகிற பஸ், ஸ்டாண்டில் உறுமிக்கொண்டே நின்றது.

"கடல் எங்க?"

தவசி காட்டினான்.

"இதுவா?"

"நேத்து நிறையத்தான் இருந்துச்சு ராக்கு. முறை முடிஞ்சதும் மத்ததெல்லாம் அக்கரைக்குப் போயிருச்சு. என்னால நிறுத்த முடிஞ்சது இவ்வளவுதான்."

ராக்கு செருப்பைக் கழற்றினாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு உள்ளே இறங்கினாள். ஒரு கை அள்ளி வாயில் வைத்துப் பார்த்தாள். துப்பினாள்.

"உப்பு" என்றாள். "கடலேதான்."

அப்புறம் அழ ஆரம்பித்தாள். "ஏங்க, எனக்காகவா கரை போட்டீங்க? நம்ம வயலுக்கே நீங்க இப்படி ஒரு கரை போட்டதில்லையே!"

மொக்கையனும் இருளப்பனும் நாகரிகமாக நண்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பஸ் காலியாகவே புறப்பட்டுப் போனது.

மண்வெட்டியைத் தேடிக்கொண்டு வந்த சூசைராஜுக்கு மனசு கேட்கவில்லை. "அம்மா, இது கடல் இல்லம்மா. கொஞ்சம் நிமிந்து பாருங்க, அந்தா தெரியுது பாருங்க, அதுதாம்மா கடல்."

ராக்கு சட்டென்று முந்தானையை இழுத்து முகத்தை மறைத்துக்கொண்டு திரும்பி நின்றாள். "அது அக்கரைக்காரங்க முறைத் தண்ணி. அது மேல போயி கண்ணு வைக்கச் சொல்றீங்களே, நல்லாருக்கா?"

அன்று காலை முழுவதும் நான்கு பேரும் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கடலில் காலை விட்டபடி, சுண்டல் தின்றார்கள். ராக்கு பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி தண்ணீரை எத்தி எத்தி விளையாடினாள். தவசி அதைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தான்.

"போதுங்க, மனசு நிறைஞ்சிருச்சு. வீட்டுக்குப் போவோம்" என்றாள் ராக்கு. "தண்ணியைச் சும்மா தேக்கி வச்சு என்னத்துக்கு? அக்கரைக்காரங்களுக்கே வெட்டி விட்டுருங்க, உதவட்டும்."

தவசி கரையை வெட்டிவிட்டான். தண்ணீர் சலசலவென்று ஓடி நீலக்கோட்டைப் பார்த்துப் போயிற்று. "அக்கரை ஆளுகளே! எங்க பங்கையும் அனுப்பியிருக்கோம், வச்சுக்கங்க!" என்று ஒரு குரல் கொடுத்தான். மூட்டையை எடுத்துக்கொண்டு, லாட்ஜில் மத்தியானச் சாப்பாட்டை முடித்துவிட்டு, ஊருக்கு பஸ் ஏறும் முன் கடைசியாக ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போவோம் என்று கடற்கரைக்கு வந்தார்கள்.

கடல் வந்திருந்தது. கரை முட்ட, படித்துறையைத் தொட்டுக்கொண்டு, எங்கு பார்த்தாலும் தண்ணீர். ராக்கு வாயைப் பிளந்தாள்.

"ஐயையோ! என்னங்க இது?"

தவசிக்கு வியர்த்துவிட்டது. "நாம ஒரு பந்தல் அளவுதான் அனுப்பினோம் ராக்கு. அவங்க பூராத்தையும் அனுப்பிட்டாங்க."

"எப்பேர்ப்பட்ட மனுசங்க!" என்று நெஞ்சில் கை வைத்தாள் ராக்கு. "அதுக்காக நாம வாங்கி வச்சுக்கிட்டுப் பேசாம ஊருக்குப் போயிருவோமா? நம்ம மானம் என்னாகுறது?"

மூட்டையைக் கீழே வைத்தாள். லாட்ஜிலிருந்து பக்கெட் ஒன்று அவள் கையிலும், மற்றவர்கள் கையில் ஆளுக்கொன்றுமாக வந்து சேர்ந்தது. வரிசையாக நின்று, இக்கரைத் தண்ணீரை அள்ளி, கை வீசின மட்டும் அக்கரைப் பக்கமாக ஊற்ற ஆரம்பித்தார்கள்.

சூசைராஜ் பக்கெட்டுகளைத் தேடிக்கொண்டு வந்து சேர்ந்தார். பார்த்தார். கடைசியில், "எது வரைக்கும்ணே?" என்று மட்டும் கேட்டார்.

"அவங்க போதும்னு ஒரு குரல் குடுக்கட்டும் சார்," என்றான் தவசி, அடுத்த பக்கெட்டை முக்கி எடுத்தபடி. "உடனே கிளம்பிருவோம்."