‘எப்படி’ என்ற ஒரு சொல்

முதல் குற்றம், வள்ளங்கள் கண்ணுக்கு மறைந்த பிறகே புயல் வரும் சேதி அலைக்கல்துறைக்கு வந்தது. இரண்டாவது, தேடப் போன கப்பல், வள்ளத்துக்காரர்கள் எந்தத் திசையில் வலை விரிப்பார்கள் என்று ஒரு மீனவனையும் கேட்காமல் போய், போன வேகத்தில் திரும்பி வந்தது. மூன்றாவது, திரும்பாதவர்களைச் செத்தவர் என்றும் சொல்லாமல் இருக்கிறவர் என்றும் சொல்லாமல், ‘காணாதவர்’ என்று பெயர் வைத்து அரசாங்கம் கை கழுவியது. நான்காவது குற்றம் ஆறுதல். ஆறுதல் சொல்ல வெளியூரிலிருந்து குழு குழுவாக வந்தார்கள். வந்தவர்கள் எல்லோரும் புயல் நிவாரண முகாம் பிள்ளைகளிடம் தாளைக் கொடுத்துக் கடலை வரையச் சொன்னார்கள். கடைசிக் குழு வந்தபோது கறுப்புச் சாயக்குச்சி தீர்ந்துபோயிருந்தது. “நீலத்துல வரைஞ்சா மிட்டாய் தருவியளா?” என்று ஒரு சிறுமி கேட்டாள்.

இவ்வளவுக்கும் பிறகு வந்தவள் செண்பகம். மதுரைக்காரி, மனநல ஆலோசகர். அவள் யாரையும் அழச் சொல்லவில்லை. முகாம் சமையலில் வெங்காயம் உரித்தபடி, பேசுகிறவர்கள் பேசுவதைக் கேட்டாள். தன் கூடாரத்துக்கு வருகிறவர்களிடம் முதலிலேயே ஒன்று சொல்லிவிடுவாள்: “நீங்க சொல்றது என் வாய் வழியா வெளியே போகாது. ஒரு உயிருக்கு ஆபத்துன்னா மட்டும் சொல்வேன்.”

அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. கடலில் செத்து உடல் கிடைக்காதவனின் பெயரை, அவனோடு ஒரே வள்ளத்தில் போனவன் கோயில் முற்றத்தில் நின்று ஊர் கேட்கச் சொல்ல வேண்டும். அதற்கு முன் ஒப்பாரி கிடையாது. அவன் மனைவி விதவையும் கிடையாது.

ததேயுவும் இன்னாசிமுத்துவும் ஒரே வள்ளம். மீண்டவன் ததேயு மட்டும். இருட்டில் பிரிந்துவிட்டோம், அவன் கதி தெரியாது என்று ஊருக்குச் சொன்னான். செண்பகத்தின் கூடாரத்தில் வேறு சொன்னான்.

“வள்ளம் கவுந்த பொறவு ஒரு காலி மண்ணெண்ணெ டப்பாவைப் பிடிச்சுக்கிட்டுக் கெடந்தோம். அது ரெண்டு பேரைத் தாங்காது. என்னைப் பிடிச்சிருந்த கையை நான் ஒதறிட்டேன். அவன் முங்கினதக் கண்டேன். அவன் செத்தான்னு சொல்ல எனக்கு ஏலும். அடுத்தாப்ல ‘எப்படி’ம்பாவ. அதைச் சொல்லிட்டு நான் உசுரோட கெடக்க மாட்டேன்.”

செண்பகம் அதை வெறும் பேச்சாக எடுத்துக்கொள்ளவில்லை. அவன் சம்மதத்தோடு அண்ணனை அவனுடன் தங்கச் செய்தாள், டாக்டரையும் அழைத்து வந்தாள். என்ன நடந்தது என்பதை மட்டும் அவர்களிடமும் சொல்லவில்லை.

இன்னாசிமுத்துவின் மனைவி பிரிஜித்தா முகாம் சோற்றை ஒரு தட்டில் போட்டு மூடி, கரையில் போய் உட்கார்ந்தாள். புருஷன் வந்து தின்ற பிறகே தனக்குச் சோறு என்றாள். “முகாமு முட்டைக்கோசக் கண்டா ஒனக்க மாப்பிள திரும்பக் கடலுக்கே போயிருவாரு” என்று பக்கத்துப் பாயில் படுப்பவள் சீண்டியபோது ஒரே ஒரு தடவை சிரித்தாள். கையில் ஏற்றிய குளுக்கோஸ் ஊசியைப் பிடுங்கி எறிந்தாள். இப்படியே போனால் உடம்பு தாங்காது என்றார் டாக்டர்.

பங்குத்தந்தைக்கு மனம் பொறுக்கவில்லை. வரும் ஞாயிற்றுக்கிழமை பூசையில் இன்னாசிமுத்துவின் பெயரைத் தாமே வாசித்து, அவள் காத்திருப்பை முடித்து வைப்பதாக அறிவித்தார். வள்ளத்தில் போகாத வாயால் சொன்னால் காதைப் பொத்திக்கொள்வேன் என்றாள் பிரிஜித்தா.

மீனவர் சங்கத்துக் கனிசியுஸ் போராடிச் சிறைக்குப் போய் வந்தவர். விசாரணை அதிகாரி முன்னால் தேடலின் லட்சணத்தைச் சொல்ல அவருக்குச் சாட்சி தேவைப்பட்டது. ஏலக்கூடத்தில் பலபேர் நடுவே ததேயுவை நிறுத்தினார்.

“நீ ஒரே வள்ளத்துக்காரன்லே. கப்பல் வரல்லைன்னு சொல்லு. அவன் எப்படிச் செத்தான்னு சொல்லு.”

அன்றிலிருந்து ததேயு அண்ணனோடும் பேசவில்லை. சனிக்கிழமை காலையில் பிரிஜித்தா, தட்டும் கையுமாகச் செண்பகத்திடம் வந்தாள்.

“ஒங்களுக்கு ஏதோ தெரியும். எனக்குச் சொல்லாண்டாம். நான் ததேயுகிட்டப் போயிக் கேக்கட்டா?”

கேள் என்றால் ததேயுவின் உயிர். வேண்டாம் என்றால் இவள் உயிர். ஒன்றும் சொல்லாமல் இருந்தால் செண்பகத்துக்கு மட்டும் ஆபத்தில்லை.

“கேளுங்க. எப்படின்னு மட்டும் கேக்காதீங்க.”

சொல்லி முடித்ததுமே இருவருக்கும் தெரிந்துவிட்டது. ‘எப்படி’ என்று ஒன்று இருக்குமானால் சாவும் உண்டு. பிரிஜித்தா கையிலிருந்த தட்டைத் தரையில் வைத்தாள். அவளைப் பெண்களோடு இருக்கச் செய்துவிட்டு, செண்பகம் நேரே ததேயுவிடம் போனாள்.

“நான் வாக்கை மீறிட்டேன், தம்பி. அவர் செத்துட்டார்னு அவங்களுக்குப் புரிஞ்சிடுச்சு. நீ கையை உதறினது தெரியாது. நான் இங்கேயேதான் இருக்கேன்.”

காத்திருப்பை முடிக்க நினைத்தார் பங்குத்தந்தை. உண்மையை வெளியே இழுக்க நினைத்தார் கனிசியுஸ். கொடுத்த வாக்கை ஒரு சொல்லால் மீறினாள் செண்பகம். இதில் யார் செய்தது சரி?

விடை: பங்குத்தந்தைக்கு இரக்கம் இருந்தது, ஆனால் அந்தச் சேதியைச் சொல்லும் உரிமை அவருடையதில்லை. கனிசியுஸ் கேட்டது நூற்றுக்கு நூறு நியாயம். அந்த நியாயத்துக்காக, கரையேறியவனை அவர் தூண்டிலில் இரையாகக் குத்தினார். செண்பகம் வாக்கை மீறினாள், இதில் மழுப்பல் வேண்டாம். உயிருக்கு ஆபத்தென்றால் சொல்வேன் என்று முன்பே சொல்லியிருந்தாள். ஆபத்தில் இருந்தவை இரண்டு உயிர்கள். அதனால் சாவை மட்டும் வெளியே விட்டாள், உதறிய கையைத் தனக்குள் வைத்துக்கொண்டாள், மீறியதை உரியவனிடம் தானே போய்ச் சொன்னாள். மூவரில் அவள் செய்ததே சரி. ஆனாலும் அதைச் சரியாக்கியவள் பிரிஜித்தா. அன்று மாலை அவள் ததேயுவின் முன்னால் போய் நின்றாள். எப்படி என்று கேட்கவில்லை. “நாளைக்கு நீ பேரைச் சொல்லணும்” என்றாள், அவ்வளவுதான். மறுநாள் கோயில் முற்றத்தில், அண்ணன் ஒரு பக்கமும் செண்பகம் ஒரு பக்கமும் நிற்க, ஊர் கேட்கத் ததேயு சொன்னான்:

“வறுவேல் மகன் இன்னாசிமுத்து.”