நார்வேக்குப் போன திண்டுக்கல் பூட்டு

“பூட்டு வந்து சேர்ந்தது. பெட்டியைப் பூட்டிக்கொண்டே வந்து சேர்ந்தது. சாவி பெட்டிக்குள் கிடந்து ஆடுகிறது. நான் என்ன செய்யட்டும்?”

நார்வேயிலிருந்து இங்கிரிட் என்ற அம்மாள் இங்கிலீஷில் எழுதியிருந்த புகாரை ரெஜினா ஒரு எழுத்து விடாமல் தமிழில் சொல்லிக் காட்டினாள். எதிரே அவள் புருஷன் சவரிமுத்துவும், கொழுந்தன்மார் அருளப்பனும் இஞ்ஞாசியும் பூசைக்கு வந்தவர்கள் மாதிரி பவ்யமாக நின்றார்கள்.

“ஆட்டிப் பார்த்திருக்காங்க அண்ணி. சத்தம் கேட்டிருக்கு. அப்ப சாவி தொலையலை,” என்றான் இஞ்ஞாசி சந்தோஷமாக.

“சாவியை ஏன்யா உள்ளே வச்சீங்க?”

“‘வழியில் யாரும் திறக்க முடியாதபடி அனுப்பவும்’னு வெப்சைட்ல போட்டிருக்குன்னு நீதானே வாசிச்சே?” என்றார் சவரிமுத்து. “யாராவது திறந்தாங்களா?”

“வாங்கினவளே திறக்கலையே!”

“யாரும்னா அவங்களும் சேர்த்திதானே அண்ணி,” என்றான் அருளப்பன்.

“இன்னொரு சாவி இருக்குமே?”

“அதுவும் உள்ளேதான். காசு குடுத்து வாங்கினவங்க பொருளை நாம வச்சுக்கிட்டா நல்லாவா இருக்கும்?”

ரெஜினாவுக்குத் தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. யார் தலையை என்பதுதான் கேள்வி.

திண்டுக்கல் நாகல் நகரில் அவர்களுடைய பூட்டுக் கடைக்கு ஆள் வருவது நின்றே போயிருந்தது. முன்னெல்லாம் ஒரு பூட்டு கடல் தாண்ட வேண்டுமென்றால் ஏஜெண்ட், கமிஷன், மெட்ராஸுக்கு நடை என்று ஆயிரம் இழுபறி. இப்போது கட்டைவிரல் போதும். கான்வென்டில் கன்னியாஸ்திரிகள் தலையில் குட்டிக் குட்டிக் கற்றுக்கொடுத்த இங்கிலீஷை வைத்து அவள்தான் கடையை இன்டர்நெட்டில் ஏற்றினாள். முதல் வெளிநாட்டு ஆர்டரே இது. புகாரைத் தீர்க்காவிட்டால் கடையைத் தூக்கிவிடுவோம் என்று வெப்சைட்காரன் எச்சரித்துவிட்டான். அப்புறம் மூன்று பேரும் நாளெல்லாம் வீட்டிலேயே இருப்பார்கள்.

“அருளப்பா, அதே பூட்டுக்குப் புதுச் சாவி ஒண்ணு அரத்தால ராவி, பத்திரமா அனுப்பு. கேட்டுக்கோ, சாவியைப் பூட்டின பெட்டிக்குள்ளே வைக்கிறது தப்பு!”

அருளப்பன் நல்ல வேலைக்காரன். சாவி கச்சிதமாக வந்தது. சின்னத் தகரப் பெட்டியில் போட்டார்கள். பத்திரமாக என்று அண்ணி சொன்னதால் அதற்கும் ஒரு பூட்டுப் போட்டார்கள். பார்சல் போன பிறகுதான் ரெஜினாவுக்கு விஷயம் தெரிந்தது.

“அந்தப் பூட்டோட சாவி?”

“உள்ளே வைக்கலை அண்ணி! தப்புன்னு சொன்னீங்களே. இதோ, ஆணியில தொங்குது.”

ரெஜினா அன்றைக்கு யாருக்கும் காபி போடவில்லை.

கடைசியில் இங்கிரிட் அம்மாளிடமிருந்து பதில் வந்தது. ரெஜினா ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு படித்தாள். “என் கணவர் சுத்தியலால் அடித்தார். பக்கத்து வீட்டுக்காரர் ரம்பத்தால் அறுத்தார். இரண்டாவது பெட்டியின் தகரத்தைக் கிழித்துச் சாவியை எடுக்கும்வரை முதல் பூட்டு அசையவில்லை! கிழிந்த பெட்டியை அதன் பூட்டோடு அழகுக்கு அலமாரியில் வைத்திருக்கிறோம். ஐந்து நட்சத்திரம். எங்கள் படகுத்துறைக்கு இருநூறு பூட்டுகள் வேண்டும். இந்த முறை சாவிகளைப் பொறுப்பான ஒருவர் கையில் கொடுத்து அனுப்பவும்.”

இருநூறு பூட்டும் தயாராகி, பெரிய மரப்பெட்டியில் அடுக்கியாயிற்று. இவர்கள் அடுக்கிய லட்சணம் தெரியுமாதலால், அடியில் வைக்கோல் சரியாக இருக்கிறதா என்று பார்க்க ரெஜினா புடவையைச் செருகிக்கொண்டு தானே உள்ளே இறங்கினாள். வெளியே மூவரும் கூடிப் பேசினார்கள்.

“பொறுப்பான ஆள்னா யாரு? அண்ணன்தானே மூத்தவர்?”

“எனக்குப் பொறுப்பே கிடையாதுன்னு ரெஜினா தினமும் சொல்றாளே. பொய்யா சொல்லுவா?”

“என்னையும் அப்படித்தான் சொன்னாங்க.”

“என்னையும்.”

“அப்ப வீட்டிலே பொறுப்பான ஆள் ஒருத்தர்தான்.”

இஞ்ஞாசி சாவிக்கொத்தை உள்ளே நீட்டினான். “அண்ணி, இதைக் கொஞ்சம் பிடிங்க.”

வைக்கோலில் கண்ணாயிருந்த ரெஜினா நிமிராமலே வாங்கிக்கொண்டாள். மூடி விழுந்தது. ஆணி இறங்கியது. தூத்துக்குடி லாரியில் பெட்டி ஏறியது.

உள்ளே இருந்து தடதடவென்று சத்தம்.

“சரக்கு பேசினா பதில் சொல்லலாமா அண்ணே?” என்று இஞ்ஞாசி கேட்டான். அதைப் பற்றி வெப்சைட்டில் ஏதாவது போட்டிருக்கிறதா என்று மூவரும் போனுக்குள் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்கள். லாரி நகர்ந்தது. பெட்டிக்குள்ளிருந்து ரெஜினாவின் குரல் கேட்டது.

“அடுப்பிலே குழம்பு கொதிக்குது, யாராவது போய் அணைச்சிடுங்கய்யா!”