பரவாயில்லை போட்ட சைபர்

வாயைத் திறந்தால் திட்டு, மூடிக்கொண்டால் ஆபத்து. அது யார், சொல்லுங்கள் பார்ப்போம்?

வாசல் நாய் என்பீர்கள். கிட்டத்தட்ட சரி. ஆனால் இது ஒரு சொல். பெயர் 'நில்'.

ஜெர்லின் என்றொரு சிறுமி, குஞ்சு பொரிக்கும் பெட்டிக்காகச் சின்னதாக ஒரு கணினி மொழி செய்திருந்தாள். சூடு எவ்வளவு, உள்ளே எட்டிப் பார்க்க விளக்கு எவ்வளவு என்று வரிவரியாக எழுதிக் கொடுத்தால், பெட்டி அப்படியே நடக்கும். ஏதாவது வரியை நிரப்பாமல் விட்டால் கவனிக்க, மொழிக்குள் இரண்டு சொற்கள் குடியிருந்தன. நில், பெட்டியை நிறுத்தி மணியடிக்கும். பரவாயில்லை, காலி இடத்தில் சைபரைப் போட்டுவிட்டுச் சத்தமில்லாமல் நகர்ந்துவிடும்.

ஒருநாள் விளக்கு வரி விட்டுப்போனது. நில் முந்திக்கொண்டு மணியடித்தது.

"ஏ பிள்ளே, ஒரு விளக்குக்கா இந்தக் கூப்பாடு?" என்று அண்ணன் ஜெபின் காதைப் பொத்தினான்.

ஜெர்லினுக்கும் எரிச்சல். நில்லை மொழியிலிருந்தே தூக்கிவிட்டாள்.

மறுநாள் ஒரு தாய் வாத்து அடைகாப்பைப் பாதியில் விட்டுப் போனது. உள்ளே குஞ்சு வளர்ந்துகொண்டிருந்த முட்டைகள், ஆறிப்போனால் அவ்வளவுதான். ஜெர்லின் கோழி முட்டைக்கு எழுதியதையே எடுத்து, வாத்துக்கு மாற்றலாமென்று சூட்டின் எண்ணை அழித்தாள். அதற்குள் அம்மா சாப்பிடக் கூப்பிட்டாள். ஜெர்லின் முட்டைகளை உள்ளே வைத்து, அப்படியே பெட்டியை ஓடவிட்டுப் போய்விட்டாள்.

வெளியே கிடந்த நில் பதறியது. "அண்ணாச்சி! சூடு காலியா இருக்கே!"

"தெரியும். சைபர் போட்டாச்சு," என்றது பரவாயில்லை.

"சைபரில் குஞ்சு பொரியுமா?"

"எல்லாம் சரின்னு பெட்டி மேல பச்சை விளக்கு எரியுதா இல்லையா? ஒருத்தராவது முகம் சுளிச்சாங்களா? அதுதான் வேலை பார்க்கிற லட்சணம்."

சாப்பிட்டு வந்த ஜெர்லின் முட்டையைத் தொட்டாள். வெதுவெதுப்பு கொஞ்சம்தான் மிச்சம். அவசரமாக எண்ணை எழுதினாள். பெட்டி சூடேறத் தொடங்கியது. அப்புறம்தான் அவளுக்குக் கோபம் வந்தது.

"ஏன் என்கிட்ட சொல்லலை?"

பரவாயில்லைக்கு உண்மையிலேயே புரியவில்லை. "சொல்லாம இருக்கத்தானே என்னை மட்டும் வச்சீங்க?"

ஜெர்லின் நில்லை உள்ளே அழைத்தாள்.

"அப்போ இவரை அனுப்பிடலாமா?" என்று நில் ஆவலாகக் கேட்டது.

"அப்புறம் ஒரு விளக்குக்கும் நீ மணியடிச்சுக் கூப்பாடு போடவா?"



அன்றிலிருந்து எந்தச் சொல் எங்கே நிற்க வேண்டுமென்று வரிக்கு வரி அவளே எழுதினாள். சூட்டுக்கு நில். விளக்குக்குப் பரவாயில்லை.