கேம் பெட்டியும் கல்யாண சி.டி.யும்

காதைக் கொடுத்துக் கேளுங்கள். கடைசியில் ஒரு கேள்வி இருக்கிறது. விடை தெரிந்தும் சொல்லாதவர் தலை வெடிக்கும் என்றெல்லாம் மிரட்ட மாட்டேன். கொஞ்சம் வெட்கப்பட்டால் போதும். நம் கதாநாயகர் அதைத்தான் வயிறு நிறையப் பட்டார்.

பாளையங்கோட்டையில் ஆறுமுகநயினார் என்று ஒரு கணக்கு வாத்தியார். விடை தப்பானால்கூட விட்டுவிடுவார். பொய் சொல்லும் பிள்ளையைப் பெஞ்சு மேல் ஏற்றாமல் விட மாட்டார். அவர் மகள் முத்தரசி கல்லூரி மாணவி. டியூஷன் எடுத்து, ஆசை ஆசையாக ஒரு கேம் பெட்டி வாங்கி டி.வி.யில் இணைத்திருந்தாள். அவளும் மூன்று தோழிகளும் அவரவர் வீட்டிலிருந்தே ஓர் அணியாக ஆறு மாதம் ஆடி, மாநிலப் போட்டியின் இறுதியாட்டத்துக்கு வந்துவிட்டார்கள். நால்வரில் ஒருத்தி நடுவில் விட்டுப் போனாலும் அணியே வெளியே என்பது அங்கே விதி.

"ஞாயித்துக்கிழமை மூணுலேருந்து அஞ்சு வரைக்கும் பெட்டியை யாரும் தொடக் கூடாதுப்பா. மூணே முக்காலுக்குக் கால் மணி நேரம் பிரேக் உண்டு. அப்பந்தான் நாங்க தண்ணியே குடிப்போம்."

"யாரும் தொட மாட்டோம், போ" என்று வாத்தியார் வாக்குக் கொடுத்தார்.

இரண்டு நாள் கழித்து அவருடைய அக்கா பிரமநாயகி ஆலங்குளத்திலிருந்து போன் செய்தாள். புருஷன் தவறிப்போய் ஒரு வருஷம். திங்கட்கிழமை மகளோடு பெங்களூருக்கே குடிபோகிறாள். மகளின் கல்யாண சி.டி. பத்திரமாக இருக்கிறது, ஆனால் அதைப் போட்டுப் பார்க்க இன்று எந்த வீட்டில் பிளேயர் இருக்கிறது? சொந்தபந்தம் எல்லாம் விசாரித்ததில், சி.டி. போட இடம் உள்ள சாமான் முத்தரசியின் கேம் பெட்டி ஒன்றுதான் என்று தெரிந்தது.

"முழுக்கப் பாட்டைப் போட்டு நிரப்பிட்டான் வீடியோக்காரன். பந்தி நடக்கயில மட்டும் அவுக குரல் வரும். அதை ஒரு தடவை கேட்டாப் போதும் தம்பி."

"ஞாயித்துக்கிழமை மூணு மணிக்கு வந்துரு அக்கா" என்றார் நயினார். போனை வைத்த பிறகுதான் உறைத்தது. அக்காவிடம் நேரத்தை மாற்றிச் சொல்லக் கூச்சம். மகளிடம் சொல்லப் பயம். ஞாயிறு வரை அவர் இருவரிடமும் மூச்சு விடவில்லை.

அக்கா வந்தாள். கூடத்தில் ஆட்டம் அனல் பறந்தது. அவளுக்கு நாலரைக்குப் பஸ். எதுவும் கேட்காமல் சி.டி.யை மடியில் வைத்துக்கொண்டு, புரியாத ஆட்டத்தைப் பார்த்து, "நல்லா ஆடுத தாயி" என்றாள். அந்தப் பொறுமை நயினாரைப் பிடுங்கித் தின்றது. மூன்றரை மணிக்கு மெல்ல வாசல் பக்கம் போனார். மெயின் சுவிட்சை இறக்கினார்.

"ஐயோ!" என்று முத்தரசி கத்தியது தெருவுக்கே கேட்டிருக்கும்.

"கரண்ட் போயிட்டு" என்று உள்ளே வந்து சொன்னார். பக்கத்து வீட்டில் மாவாட்டும் கிரைண்டர் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. மூவர் காதிலும் அது விழுந்தது. மூவரும் தரையைப் பார்த்தார்கள்.

ஐந்து நிமிஷத்தில் மீண்டும் வாசலுக்குப் போய்க் கரண்டை 'வரவழைத்தார்'. அதற்குள் அணி வெளியேற்றப்பட்டிருந்தது. முத்தரசி அத்தை பக்கம் திரும்பினாள். "சி.டி.யைக் குடுங்க அத்தை" என்று வாங்கி, அத்தை கேட்டபடி பந்திக் காட்சி வரை தானே ஓட்டினாள். திரையில் வாளியும் கையுமாக ஒரு மனிதர். "என்ன அவசரம்? பாயாசம் வருது, இருந்து சாப்பிட்டுட்டுப் போங்க!" முழுசாக ஒரு நிமிஷம்கூட இல்லை.

"போதும் தாயி" என்று அக்கா கண்ணைத் துடைத்தாள். மருமகளின் கையை இறுகப் பிடித்துவிட்டுப் புறப்பட்டாள். தம்பியின் முகத்தை அவள் பார்க்கவில்லை. நயினாருக்கு உடம்பெல்லாம் கூசியது. பெஞ்சு மேல் தான் ஏற்றிவிட்ட பிள்ளைகள் அத்தனை பேரும் அந்தக் கூடத்தில் நின்று தன்னையே பார்ப்பதுபோல் இருந்தது.

இப்போது சொல்லுங்கள். பெட்டி விளையாட வாங்கியது. முதல் வாக்கும் மகளுக்குத்தான். அக்காவுக்கோ இன்னொரு நாள் கிடையாது. பொய் சொல்லி அக்காவின் ஆசையைத் தீர்த்தார் தம்பி. தெரிந்தும் வாய் மூடிப் பார்த்தாள் அக்கா. தெரிந்தும் வாய் மூடிப் படம் போட்டாள் மகள். பெட்டியில் முதல் உரிமை ஆட்டத்துக்கா, படத்துக்கா? இந்த மூவரில் யார் செய்தது சரி?

விடை: முதல் உரிமை ஆட்டத்துக்கே. படம் காத்திருந்து ஓடும். அறுந்த ஆட்டம் ஒட்டாது. அதற்காக அக்கா வெறுங்கையோடு போயிருக்க வேண்டியதும் இல்லை. ஒரு நிமிஷக் குரலுக்குக் கால் மணி இடைவேளை தாராளம். இடைவேளை உண்டென்று அக்காவுக்குத் தெரியாது, குரல் ஒரு சின்ன இடத்தில்தான் வரும் என்று மகளுக்குத் தெரியாது. இரண்டும் தெரிந்தவர் கணக்கு வாத்தியார் ஒருவரே. மற்ற இருவரும் அவர் மானத்தைக் காப்பாற்றத்தான் மௌனமாக இருந்தார்கள், அது பெருந்தன்மை. மாலையில் அவர் மகளிடம் போய், "நான்தான் அணைச்சேன்" என்றார். "தெரியும்ப்பா" என்றாள் அவள். "ஆனா அவளுக மூணு பேரும் கரண்ட் போயிட்டுன்னுதான் இன்னும் நம்பிட்டு இருக்காளுக."  நயினார் போனை எடுத்து, அந்த மூவரில் முதல் பிள்ளையின் நம்பரைக் கேட்டார்.