பருப்புத் தண்ணி

தெய்வானைக்கு வயசு நாற்பத்திரண்டு. தான் குடியிருக்கும் ஹவுசிங் போர்டின் அங்கன்வாடியில் ஆயா வேலைக்குச் சேர்ந்து ரெண்டு மாசம்தான் ஆகிறது. டீச்சர் மெர்சிக்கு இருபத்தாறு. வேலை கற்றுக்கொள்ள வந்த இடத்தில் வயசைப் பார்த்தால் நடக்குமா? தெய்வானை பார்க்கவில்லை. டீச்சர் சொன்னதைத் தட்டாமல் செய்வாள்.

அன்றைக்கு எடை பார்க்கும் நாள். மூணாவது மாடி சுகன்யா தன் பாப்பா தன்ஷிகாவைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பத்து மாசக் குழந்தை. எடை ஆறு கிலோகூட இல்லை. போன மாசமும் அதேதான். மெர்சி அட்டையில் புள்ளி வைத்தாள். ஆபத்தைக் காட்டும் சிவப்புக் கட்டத்தில் விழுந்தது.

"அடுத்த மாசமும் ஏறலைன்னா ஆஸ்பத்திரியில சேக்கணும், சுகன்யா."

"ஒரு நாளைக்கு எட்டு தடவ குடுக்குறேன் டீச்சர்! போதும்னு தலைய திருப்பிக்குது. நான் என்னதான் பண்ணுவேன்?" சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

அவள் படியேறிப் போனதும் தெய்வானைக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"புளுகுறா டீச்சர்! எட்டு தடவ தின்ன புள்ள எலும்பும் தோலுமாவா இருக்கும்?"

அடுப்பில் பருப்பு வெந்திருந்தது. மெர்சி மேலே தெளிந்து நின்ற தண்ணியை டம்ளரில் வடித்து, உப்புப் போட்டு நீட்டினாள்.

"இந்தாங்கக்கா. இன்னிக்கு உங்க சாப்பாடு."

"சோறு?"

"சத்தெல்லாம் தண்ணியிலதான இறங்கியிருக்கு?"

"அது வாஸ்தவம்தான்," என்று தெய்வானை சிரித்தாள். "நானே எல்லார்கிட்டயும் சொல்லுவேன்." மடமடவென்று குடித்தாள்.

பன்னிரண்டு மணிக்குப் பிள்ளைகளுக்குச் சோறும் பருப்பும் முட்டையும் பரிமாறினாள். வாசனை மூக்கைத் துளைத்தது. அவளுக்கு இன்னொரு டம்ளர் வந்தது. ஒரு மணிக்கு ஒன்று. ரெண்டு மணிக்கு ஒன்று. இந்தப் பொண்ணுக்கு இன்றைக்கு என்ன ஆச்சு என்று நினைத்தாலும், டீச்சர் ஆயிற்றே, குடித்து வைத்தாள்.

மூணு மணிக்கு டம்ளர் வந்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"ஐயோ, போதும் டீச்சர்!"

"ஏன்க்கா, வயிறு நெறஞ்சிடுச்சா?"

"தளும்புது. ஆனா பசி உயிரு போவுது!"

சொன்ன வாய் அப்படியே நின்றது. தன்ஷிகாவும் இப்படித்தானே தலையைத் திருப்புகிறாள்?

"டீச்சர்... சுகன்யா பாப்பாவுக்கு என்ன குடுக்குறா?"

"இதேதான்."

"அடப் பாவமே! எவ சொன்னா அவளுக்கு இப்படிக்..."

முடிக்க முடியவில்லை. அன்றைக்கு ஆறு மாசமே ஆகியிருந்த தன்ஷிகாவை இடுப்பில் வைத்துக்கொண்டு சுகன்யா குழாயடியில் நின்றது ஞாபகம் வந்தது. பருப்பு குடுக்கலாமாக்கா என்று கேட்டவளிடம், கெட்டியா குடுக்காதடி, தொண்டையில சிக்கிக்கும், தண்ணிய மட்டும் வடிச்சிக் குடு என்று சொன்னது வேறு யாரும் இல்லை. தெய்வானைதான். தன் தலையில் தானே அடித்துக்கொண்டாள்.

"பச்சப் புள்ள வயித்துல அடிச்சிட்டேனே! நீங்க போய் சொல்லுங்க டீச்சர். நான் எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டு அவ முன்னாடி நிப்பேன்?"

மெர்சி ஒரு கிண்ணத்தில் சோற்றையும் பருப்பையும் போட்டு விரலால் நன்றாகக் குழைத்தாள். ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டாள். கிண்ணத்தைச் சாய்த்துப் பார்த்தாள். ஓடவில்லை. அதைத் தெய்வானையின் கையில் கொடுத்தாள்.

"நான் நாலு மாசமா கெட்டியா குடுன்னு சொல்றேன்க்கா, தெய்வானையக்கா சொன்னதுதான் சரின்னு அவ கேக்கல. நீங்க குழாயடியில ஒரே ஒரு தடவ சொன்னீங்க, இன்னி வரைக்கும் ஒரு வேள தவறாம செய்யுறா. ஆறுறதுக்குள்ள நீங்களே ஏறிப் போங்க."