தோளளவு க்யூ

“பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லணும்” என்று தொடங்கி சூசையின் மாமனார் இன்னும் ஏதோ சொல்வார். மீதி சூசைக்கு மறந்துவிட்டது. குன்னூர்ப் பக்கம் ஒரு கிளப்பில் ஸ்னூக்கர் மேசைக்குப் பாயிண்ட் சொல்லும் மார்க்கர் சூசை. தினமும் ஆடுவது, காலமான பழைய மார்க்கர் பெள்ளி தந்துவிட்டுப்போன கருங்காலிப் பிடி போட்ட க்யூ கோலில்.

ஒருநாள் எஸ்டேட் முதலாளி தாண்டவமூர்த்தி அதைக் கையில் எடுத்துக்கொண்டார். “இது எங்கப்பாவோட க்யூ. இல்லைன்னு நிரூபி, பார்ப்போம்!” கிளப் செயலாளர் கணக்கு நோட்டைப் புரட்டத் தொடங்கினார்.

“அப்படிங்களா முதலாளி! பெரியவர் நல்ல உயரமாமே?” என்றார் சூசை.

“ஆறடி ரெண்டங்குலம்! வெள்ளைக்காரனே அண்ணாந்துதான் பேசுவான். நானும் அதே உயரம்தான்.”

சூசை க்யூவை வாங்கி அவர் பக்கத்தில் நிறுத்தினார். “அந்தக் காலத்துல ஆடுறவர் தோளுக்கு அளந்துதான் செய்வாங்க. இது உங்க நெஞ்சோட நின்னுபோச்சே! பெள்ளி அண்ணன் அஞ்சடி சொச்சம்தான். ஆனா அவர் அடிச்சா, பந்து சொன்ன பேச்சைக் கேக்கும்.”

செயலாளர்தான் முதலில் சிரித்தார். பிறகு அறையே சிரித்தது.

தாண்டவமூர்த்தி, தன் தோளுக்கு ஒரு புது க்யூ செய்ய அளவெடுக்கச் சொன்னார்.