நான்கு மஞ்சள் கோடுகள்

மலை ரோட்டைப் பற்றி வைரவேலின் பெரியப்பா ஏதோ சொல்வார். ஆயுசு முழுக்க பஸ் ஓட்டியவர். ஏறும்போது வண்டியை என்னவோ, இறங்கும்போது என்னவோ. நடுவிலிருந்த சொற்கள் ஷார்ஜாவில் கழிந்த பதினாறு வருஷத்தில் எங்கோ உதிர்ந்துவிட்டன. காலை ஒன்பதே காலுக்கு, நாமக்கல்லில் தான் வேலை பார்க்கும் மெக்கானிக் கடையில் நின்றபடி வைரவேல் அந்தச் சொற்களைத் தேடிக்கொண்டிருந்தார். தேடிக்கொண்டிருக்கும்வரை இன்னொன்றை நினைக்காமல் இருக்கலாம்.

அந்த இன்னொன்று, கடைக்கு வந்த கபிலனின் புது க்ரூசர் பைக். வாங்கி நாற்பது நாள்தான். முதல் சர்வீஸோடு உயரமான ஹேண்டில்பாரும், பின்னால் உட்காரும் மனைவிக்குச் சாய்மானமும் மாட்டச் சொல்லியிருந்தான். அரை மணி நேரத்துக்கு முன் இருவரும் அதில் கிளம்பிப் போனார்கள். வழியில் டிபன். அப்புறம் கொல்லிமலை, எழுபது கொண்டை ஊசி வளைவு.

கடைக்காரி தமயந்தியிடம் ஒரு வழக்கம் உண்டு. போல்ட்டை முறுக்கி முடித்ததும் அதன்மேல் மஞ்சள் பெயிண்டால் ஒரு கோடு. கோடு இருந்தால் முறுக்கியாயிற்று. பார்க்கிறவர்கள் அதற்குமேல் கேட்க மாட்டார்கள்.

வண்டியை எடுக்க வந்தபோது கபிலனும் அதைப் பார்த்துச் சிரித்தான். "மஞ்சளெல்லாம் பூசித்தான் புகுந்த வீட்டுக்கு அனுப்புவீங்களாண்ணா?" ஹேண்டில்பாரின் நாலு கோடுகளையும் போட்டோ எடுத்துக்கொண்டான்.

பெயிண்ட் பேனாவின் முனை காய்ந்துவிடுமே என்று வைரவேல் அந்த நாலு கோடுகளையும் முறுக்குவதற்கு முன்பே போட்டிருந்தார். ரெஞ்சை எடுக்கப் போகையில், சாய்மானம் ஆடுகிறது என்று கபிலனின் மனைவி கூப்பிட்டாள். அதைச் சரிசெய்துவிட்டுத் திரும்பினார். கோடு இருந்தது. அடுத்த வேலைக்குப் போய்விட்டார்.

போனாரா? முறுக்கிவிட்டுப் போனாரா?

ஆறு மாதம் வண்டி கழுவிய பிறகுதான் தமயந்தி அவர் கையில் ரெஞ்சைக் கொடுத்திருந்தாள். அவருக்கு நாற்பத்தேழு, அவளுக்கு முப்பத்துநாலு. சொன்னால் மறுபடி கழுவுகிற வேலைதான். அதுகூடக் கிடைக்குமோ என்னவோ.

"மாஸ்டர், ஒரு சந்தேகம்."

"கேளுங்கண்ணா."

"ஒரு போல்ட்டை முறுக்குனோமான்னு ஞாபகம் வரலை. முறுக்கியிருப்போம்னு மனசு சொல்லுது. நம்பலாங்களா?"

தமயந்தி கையைத் துடைத்துக்கொண்டாள். "அந்தப் பக்கம் திரும்பி நில்லுங்க."

அவர் சுவரைப் பார்த்து நின்றார். முதுகுக்குப் பின்னால் ஸ்பேனர் உரசும் சத்தம். நின்றது. மறுபடி கேட்டது.

"ம், பாருங்க."

கடையின் பழைய வண்டி. ஹேண்டில்பாரில் ஈரம் காயாத நாலு மஞ்சள் கோடு.

"திருச்செங்கோடு ரோட்டுல ஒரு ரவுண்டு போயிட்டு வாங்க. எம்பதுக்குக் கொறையாம."

வைரவேல் ஏறி உட்கார்ந்தார். ஹேண்டில்பாரைப் பிடித்தார். சாவியைத் திருகவில்லை.

"ஒரு தடவை முறுக்கிப் பாத்துக்கறனே மாஸ்டர்."

"எதுக்கு? கோடு இருக்குதில்ல?"

"நாலையும் முறுக்குனீங்களா?"

"முறுக்கியிருப்பேன்னு மனசு சொல்லுது."

அவர் இறங்கிவிட்டார். ஸ்டாண்டு போடத் தோன்றாமல் வண்டியைப் பிடித்துக்கொண்டே நின்றார். தமயந்தியின் முகத்தில் அதுவரை இருந்த சிரிப்பு மெதுவாகப் போயிற்று.

"எந்த வண்டிண்ணா?"

"புது க்ரூசர்."

"எந்த போல்ட்டு?"

அவர் ஹேண்டில்பாரைக் காட்டினார்.

கடிகாரம் ஒன்பது இருபத்தைந்தைக் காட்டியது. மலையில் ஏறிவிட்டால் கபிலன் போனை எடுக்க மாட்டான்.

"தொண்ணூறு பர்சென்ட் முறுக்கியிருப்பேன் மாஸ்டர்," வைரவேல் வேகமாகச் சொன்னார். "கைப்பழக்கம், தன்னால செஞ்சிருக்கும். இப்பப் போய்ச் சொன்னா அந்தப் பையன் ஊரெல்லாம் பரப்புவான். அந்தக் கோட்டை நம்பித்தானே இத்தனை பேர் வர்றாங்க. உங்க பேரு..."

"என் பேரை விடுங்க." அவள் தன் போனில் கபிலனின் நம்பரைப் போட்டு அவரிடம் நீட்டினாள். "மிச்சம் பத்து பர்சென்ட்ல யாரு உக்காந்திருக்கா?"

வைரவேல் போனை வாங்கினார். ஐந்தாவது முறை மணி அடித்தபோது கபிலன் எடுத்தான். பின்னால் ஹோட்டல் இரைச்சல்.

"தம்பி, வண்டியை எடுக்காதீங்க," என்றார் வைரவேல். "ஹேண்டில்பார் போல்ட்டு நாலையும் நான் முறுக்கலை. ரெஞ்சோட வர்றேன்."